நிக்சன் சீனாவைப் பிரிச்ச மாதிரி இன்னைக்கு ரஷ்யாவைப் பிரிக்க முடியுமா?

ராத்திரிவாசகன்:

கொஞ்ச நாளா எந்த யூட்யூப் விவாதத்தைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். அன்னைக்கு அமெரிக்க அதிபர் நிக்சனும் அவரோட ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் சேர்ந்து சீனாவை சோவியத்துகிட்ட இருந்து பிரிச்சாங்க, இன்னைக்கு அமெரிக்கா அதையே திருப்பிப் போட்டு ரஷ்யாவை சீனாகிட்ட இருந்து பிரிக்கணும், உக்ரைன்ல கொஞ்சம் விட்டுக் கொடுத்தா புடின் இந்தப் பக்கம் வந்துடுவார்னு ஆளாளுக்கு சொல்றாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு அடிப்படையே புரியல. 1950ல மாவோவும் ஸ்டாலினும் மாஸ்கோவுல 30 வருஷத்துக்கு நட்பு ஒப்பந்தம் போடறாங்க, ரெண்டும் கம்யூனிஸ்ட் நாடு, கொரியாப் போர்ல ஒரே பக்கம். அப்புறம் 1972ல அதே மாவோ நிக்சனுக்கு கை கொடுக்கறார். நடுவுல என்னதான் ஆச்சு? நிஜமாவே பிரிச்சது அமெரிக்காதானா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, நீளமா இருந்தாலும் பரவாயில்ல, படிக்கறேன்.

ஆத்தங்கரைக்காரன்:

இல்ல தம்பி, அமெரிக்கா பிரிக்கல. நிக்சன் பதவிக்கு வர்றதுக்கு பத்து வருஷம் முன்னாடியே அந்த உறவு செத்துப் போச்சு. இதை டிவில யாரும் சொல்றதில்லங்கறதுதான் எனக்கு ஆத்திரமே.

ஆரம்பத்துல இருந்தே கசப்பு இருந்துச்சு. அந்த 1950 ஒப்பந்தத்துக்காக மாவோ 1949 டிசம்பர்ல மாஸ்கோ போய் ரெண்டு மாசம் கிடந்தார், அதுல பாதி நாள் ஸ்டாலின் கண்டுக்கவே இல்ல. கிடைச்ச கடன் 30 கோடி டாலர்தான், அதுக்கும் வட்டி. ஆனா ஸ்டாலின் மூத்தவர், உலக கம்யூனிசத்துக்கே தலைவர், அதனால மாவோ பொறுத்துக்கிட்டார். ஸ்டாலின் செத்து குருசேவ் வந்து, 1956ல கட்சி மாநாட்டுல ஸ்டாலினைக் கிழிச்சுத் தோரணம் கட்டினப்போ மாவோவுக்கு அது தன்னைப் பத்திப் பேசற மாதிரியே பட்டுச்சு, நாளைக்கு தனக்கும் இதே கதிதானேன்னு. முன்கூட்டி ஒரு வார்த்தை கலந்து பேசவும் இல்ல.

1958ல சோவியத் ரெண்டு விஷயம் கேட்டுச்சு. தன்னோட நீர்மூழ்கிகளோட தொடர்பு வெச்சுக்க சீனக் கடற்கரையில ரேடியோ ஸ்டேஷன், அப்புறம் ரெண்டு நாடும் சேர்ந்து நடத்தற நீர்மூழ்கிப் படை. மாவோ கொதிச்சுப் போய்ட்டார். நூறு வருஷமா வெள்ளைக்காரன், ஜப்பான்காரன் எல்லாரும் எங்க துறைமுகத்துல உட்கார்ந்திருந்தான், இப்ப நீயுமான்னு. சமாதானம் பேச குருசேவ் ஓடி வந்தா, பேச்சுவார்த்தையை நீச்சல் குளத்துல வெச்சார் மாவோ. மாவோ நல்லா நீந்துவார், குருசேவுக்கு சரியா நீச்சல் வராது, மிதக்க ட்யூப் மாட்டிக்கிட்டு பக்கத்துல தத்தளிச்சுக்கிட்டே பேச வேண்டியதாப் போச்சு. ஒரு வல்லரசோட தலைவருக்கு நடந்த அவமானம் அது, வேணும்னே பண்ணது.

1959ல இன்னும் மோசம். அணுகுண்டோட மாதிரி வடிவம் ஒண்ணு தர்றேன்னு சொல்லியிருந்த சோவியத் ஜூன்ல தர முடியாதுன்னுடுச்சு. ஆகஸ்ட்ல எல்லையில இருக்கற லோங்ஜூவுல இந்தியாவும் சீனாவும் சுட்டுக்கிட்டப்போ, சோவியத்தோட டாஸ் செய்தி நிறுவனம் ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு அறிக்கை விட்டுச்சு. கூட்டாளி நானா நேருவான்னு சீனா கேட்டதுல நியாயம் இருக்கத்தான் செய்யுது. 1960 ஜூலைல சீனாவுல வேலை பார்த்துக்கிட்டிருந்த 1,300க்கும் மேற்பட்ட சோவியத் நிபுணர்களை ஒரே மூச்சுல திருப்பிக் கூப்பிட்டார் குருசேவ், போறவங்க வரைபடங்களையும் எடுத்துக்கிட்டுப் போனாங்க, பாதி கட்டின ஃபேக்டரிகள் அப்படியே நின்னுச்சு, அதுவும் நாட்டுல மிகப்பெரிய பஞ்சம் நடந்துக்கிட்டிருந்தப்போ.

கடைசியா 1969. உசூரி ஆத்துல ஒரு தீவு, சீனாக்காரன் ட்சென்பாவ்ங்கறான், ரஷ்யாக்காரன் டமான்ஸ்கிங்கறான். மொத்தமே 0.74 சதுர கிலோமீட்டர். மார்ச் 2ஆம் தேதி உறைஞ்சு கிடந்த ஆத்து மேல சீனப் படை மறைஞ்சிருந்து ரோந்து வந்த சோவியத் காவலர்களைச் சுட்டுச்சு, முப்பது பேருக்கு மேல செத்தாங்க. 15ஆம் தேதி சோவியத் டாங்க், ராக்கெட்டுன்னு இறங்கி அடிச்சுச்சு. அப்ப மாட்டிக்கிட்ட ஒரு டி-62 டாங்கை சீனாக்காரங்க இழுத்துட்டுப் போய்ட்டாங்க, பெய்ஜிங் ராணுவ மியூசியத்துல அது இருக்கு. சண்டையை நிறுத்த சோவியத் பிரதமர் கோசிகின் மாஸ்கோல இருந்து நேரடி லைன்ல போன் போட்டா, சீன ஆபரேட்டர் இணைப்பு தர மறுத்து லைனையே கட் பண்ணிட்டார். நிலைமை அவ்வளவு கெட்டுப் போயிருந்துச்சு. அந்த ஆகஸ்ட்ல வாஷிங்டன்ல ஒரு சோவியத் தூதரக அதிகாரி, நாங்க சீனாவோட அணு மையத்தை அடிச்சா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு சாப்பாட்டு மேசையில வெச்சு அமெரிக்காக்காரர்கிட்ட கேட்கற அளவுக்கு!

அதே வருஷம் மாவோ, ஓரங்கட்டி வெச்சிருந்த நாலு ராணுவ மார்ஷல்களைக் கூப்பிட்டு உலக நிலைமையைப் படிச்சு சொல்லுங்கன்னு கேட்டார். அமெரிக்காவை விட சோவியத்தான் பெரிய ஆபத்து, அமெரிக்காவோட பேசிப் பார்க்கலாம்ங்கற திசையிலதான் அவங்க சொன்னது போச்சு. ஆக, கதவை உள்ள இருந்து திறந்தது பெய்ஜிங். நிக்சன் நுழைஞ்சார், அவ்வளவுதான்.

பழையபேப்பர்:

அண்ணன் சொன்னது சரி, ஆனா "அவ்வளவுதான்"னு நிக்சனைத் தள்ளிட முடியாது. திறந்த கதவைக் கண்டுபிடிக்கறதும் ஒரு திறமைதான், ரெண்டு நாட்டுக்கும் இருபது வருஷமா முறையான தூதரக உறவே இல்ல. 1969 டிசம்பர்ல வார்சாவுல ஒரு யுகோஸ்லாவிய ஃபேஷன் ஷோ, அமெரிக்கத் தூதர் வால்டர் ஸ்டோசலுக்கு எப்படியாச்சும் சீனத் தூதரகத்துக்காரங்களைப் பிடிச்சுப் பேசுன்னு வாஷிங்டன் உத்தரவு. இவர் கிட்ட போக, அவங்க பயந்து படியிறங்கி ஓட, இவர் பின்னாடியே ஓடிப் போய் மொழிபெயர்ப்பாளர்கிட்ட போலிஷ் மொழியில விஷயத்தை சொன்னார். உலக அரசியல்ல பெரிய திருப்பம் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு.

அப்புறம் 1971 ஜூலை. கிஸ்ஸிங்கர் இஸ்லாமாபாத்ல வயித்து வலின்னு சொல்லிட்டு, மலைப்பக்கம் நாத்தியாகலில ஓய்வு எடுக்கறதா ஊரை நம்ப வெச்சு வெத்து கார்களை அனுப்பிட்டு, பாகிஸ்தான் ஏர்லைன்ஸ் விமானத்துல பெய்ஜிங் போய்ட்டார். மாத்து சட்டையை மறந்துட்டுப் போய் கூட வந்த அதிகாரிகிட்ட இரவல் வாங்கிப் போட்டார், அந்தச் சட்டை தைவான்ல தைச்சது. எந்தத் தீவை விட்டுக் கொடுக்கப் பேசப் போனாரோ அந்த ஊர்ச் சட்டை.

ஆனா எனக்கு இந்தக் கதையில மறக்க முடியாதது டாக்கா. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் நடுவுல தூது போனது பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் மூலமா. அதே யாஹ்யா கானோட ராணுவம் மார்ச் 25 ராத்திரியில இருந்து கிழக்கு வங்காளத்துல, அதாவது இன்னைய பங்களாதேஷ்ல, கொன்னு குவிச்சுக்கிட்டு இருந்துச்சு. டாக்காவுல இருந்த அமெரிக்க கான்சல் ஜெனரல் ஆர்ச்சர் பிளட் ஏப்ரல் 6ஆம் தேதி, நம்ம அரசு வாய் மூடி இருக்கறது தப்புன்னு அவரோட ஆட்கள் 20 பேர் கையெழுத்துப் போட்ட தந்தியை அனுப்பினார். அதுக்கு அவருக்குக் கிடைச்சது டாக்காவை விட்டு மாற்றல். நிக்சன் ஃபைல்ல தன் கைப்பட எழுதினது என்னன்னா, இப்ப யாஹ்யாவை நெருக்காதீங்க. சீனாவுக்குப் போற வழி அடைஞ்சுடக் கூடாதுன்னு. கிட்டத்தட்ட ஒரு கோடி பேர் அகதியா நம்ம பக்கம் வந்தாங்க. நிக்சனோட ராஜதந்திரத்தை மெச்சிப் பேசறவங்க ஒருத்தராவது இந்தக் கணக்கைச் சேர்த்துப் பேசறாங்களா?

இந்தியாவும் அதுக்கு ஏத்த மாதிரி நகர்ந்துச்சு. அணிசேராக் கொள்கைன்னு சொல்லிக்கிட்டிருந்த நாம, கிஸ்ஸிங்கர் போய் வந்த செய்தி வெளிய வந்த ஒரு மாசத்துக்குள்ள, ஆகஸ்ட் 9ஆம் தேதி டெல்லில சோவியத்தோட 20 வருஷ ஒப்பந்தம். வெளியுறவு அமைச்சர்கள் ஸ்வரண் சிங்கும் க்ரோமிக்கோவும் கையெழுத்து. டிசம்பர்ல இந்தியா–பாகிஸ்தான் போர் வந்தப்போ ஐ.நா.வுல போர்நிறுத்தத் தீர்மானங்களை சோவியத் வீட்டோ போட்டு போட்டு நிறுத்துச்சு. நிக்சன் என்டர்பிரைஸ்ங்கற விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பி, சீனாவை எல்லையில படையை நகர்த்தச் சொல்லிக் கேட்டும் சீனா அசையல, வடக்கே சோவியத் படை டிவிஷன் டிவிஷனா நிக்குதே.

வடமராட்சியான்:

அண்ணைமார், 1971 எண்டு கதைக்கேக்க இலங்கையையும் ஒருக்கா பாருங்கோ, ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த வருசம் சனவரியில இந்திய விமானமொண்டை லாகூருக்குக் கடத்தினாப் பிறகு இந்தியா தன்ர வான்வெளியால பாகிஸ்தான் விமானங்கள் போறதை மறிச்சுப் போட்டுது. பிறகு மேற்குப் பாகிஸ்தானிலயிருந்து டாக்காவுக்குப் போன விமானங்கள் கட்டுநாயக்காவில இறங்கி எண்ணெய் அடிச்சுக்கொண்டு போனது. டெல்லிக்கு அதில சரியான கோவம்.

ஆனா அதே ஏப்ரலில தெற்கில ஜேவிபி எண்ட இடதுசாரி இளைஞர் இயக்கத்தின்ர கிளர்ச்சி வெடிச்சு, பிரதமர் சிறிமாவோவின்ர அரசாங்கம் ஆடிப்போய் உதவி கேட்டவுடன ஆர் ஆர் வந்தவை எண்டு பாருங்கோ. இந்தியா கடற்படையும் ஹெலிகொப்டரும் அனுப்பினது. பாகிஸ்தானும் ஹெலிகொப்டர் அனுப்பினது. சோவியத் மிக் விமானம் குடுத்தது, அமெரிக்காவும் பிரித்தானியாவும் தங்கட பங்குக்கு ஆயுதமும் தளபாடமும் குடுத்தவை. சீனப் பிரதமர் சூ என்லாய் சிறிமாவோவுக்கு கடிதம் எழுதி, கிளர்ச்சிக்காரரைக் கண்டிச்சு, வட்டியில்லாக் கடனும் தந்தவர். மாவோவின்ர பேரைச் சொல்லி வளர்ந்த பெடியளைச் சுடுற அரசாங்கத்துக்கு மாவோவின்ர நாடே காசு குடுத்தது. உலகம் முழுக்க ஒண்டோட ஒண்டு முட்டிக்கொண்டு நிண்டவை எல்லாரும் ஒரு சின்னத் தீவில ஒரே அரசாங்கத்துக்குப் பின்னால வந்து நிண்டினம், ஆயிரக்கணக்கான இளம் பிள்ளையள் செத்ததுகள், வெளிநாட்டில ஆரும் அதைப் பற்றி வாய் திறக்கேல்லை. எங்கட சனத்துக்கும் பிறகு பிறகு இதே அனுபவம்தான், அதை இஞ்ச நீட்டேல்லை.

ராத்திரிவாசகன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இலங்கை விஷயம் எனக்கு சுத்தமா தெரியாது. சரி, அப்போ என் முதல் கேள்விக்கு வர்றேன், அன்னைக்கு கதவு திறந்திருந்துச்சு. இன்னைக்கு ரஷ்யா–சீனா நடுவுல அப்படி ஏதாவது விரிசல் இருக்கா? இந்தியா கூட இப்படி அப்படி நகர்ந்துக்கிட்டேதானே இருக்கு, 2020ல லடாக் எல்லையில கல்வான்ல சீனாவோட மோதல், அப்புறம் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோட க்வாட் கூட்டு, 2025 ஆகஸ்ட்ல ட்ரம்ப் 50 சதவீதம் வரி போட்டதும் அதே மாசக் கடைசில மோடி சீனாவுல தியான்ஜின்ல அதிபர் ஷி கூட உட்கார்ந்திருக்கார். இவ்வளவு சீக்கிரம் மாறும்னா ரஷ்யா ஏன் மாறாது?

ஆத்தங்கரைக்காரன்:

நல்ல கேள்வி தம்பி. இந்தியா நகர்றது வேற, அது யாரோட கூட்டணியிலயும் கட்டுப்படாம அவ்வப்போ எது லாபமோ அதைப் பார்க்குது, தியான்ஜின் போனதால லடாக் பிரச்சனை தீர்ந்துடல.

ரஷ்யா–சீனாவுக்கு வருவோம். அன்னைக்கு சண்டைக்குக் காரணமா இருந்தது எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துப் பாரு. எல்லை? 4,200 கிலோமீட்டருக்கு மேல இருக்கற எல்லையை 1991, 2004 ஒப்பந்தங்கள்ல பேசி முடிச்சுட்டாங்க, அந்த டமான்ஸ்கி தீவு சீனாவுக்கே போச்சு, 2008ல இன்னொரு பெரிய தீவுல பாதியையும் ரஷ்யா கொடுத்துடுச்சு. யார் உண்மையான கம்யூனிஸ்டுங்கற போட்டி? அந்தப் பேச்சே இப்ப இல்ல. அன்னைக்கு லட்சக்கணக்குல படையை எதிரெதிரா நிறுத்தி வெச்சிருந்தாங்க, இன்னைக்கு ரஷ்யா அந்தப் பக்கம் இருந்து படையை எடுத்து உக்ரைனுக்கு அனுப்புது, முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கற அளவுக்கு நம்பிக்கை. 2023ல ரெண்டு நாட்டு வர்த்தகம் 24,000 கோடி டாலர். மேற்கு நாடுகள் தடை போட்ட பிறகு ரஷ்யாவுக்கு கார், சிப், மெஷின் எல்லாம் அங்க இருந்துதான் வருது. இதுக்கு ஈடா அமெரிக்கா என்ன தர முடியும்? தந்தாலும் நாலு வருஷத்துல அடுத்த அதிபர் வந்து மாத்திட மாட்டார்னு புடின் எப்படி நம்புவார்?

இன்னொண்ணு, 1972ல சீனா ஏழை நாடு, தனியா கிடந்துச்சு, முந்தின அக்டோபர்லதான் ஐ.நா.வுல இடமே கிடைச்சது. அமெரிக்கா தேவைப்பட்டுச்சு. அப்படி வந்த சீனாவே எவ்வளவு தூரம் போச்சுன்னு பார், 1978 நவம்பர்ல வியட்நாம் சோவியத்தோட ஒப்பந்தம் போட்டு, அப்புறம் கம்போடியாவுக்குள்ள போய் அங்க ஆட்சியில இருந்த போல் பாட்டை விரட்டினதும், 1979 பிப்ரவரி 17ஆம் தேதி சீனா வியட்நாம் மேலயே படையெடுத்துச்சு. அமெரிக்காவோட போர் நடந்தப்போ அதே வியட்நாமுக்கு அரிசியும் துப்பாக்கியும் கொடுத்த சீனா. ஐ.நா.வுல கம்போடியா சீட் போல் பாட் கூட்டத்துக்கே இருக்கட்டும்னு சீனாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஓட்டுப் போட்டுச்சு, அத்தனை பேரைக் கொன்னவனுக்கு. இதை நினைக்கறப்போ எல்லாம் எனக்கு வயிறு எரியும்.

விரிசலே இல்லைன்னு நான் சொல்லல. மத்திய ஆசியாவுல கசாக்ஸ்தான், உஸ்பெகிஸ்தான் எல்லாம் ரஷ்யா தன் வீட்டு முற்றமா நினைச்ச இடம், இப்ப அங்க ரோடும் ரயிலும் போடறது சீனா. தான் இளைய பங்காளி ஆயிட்டோம்ங்கற வருத்தம் மாஸ்கோவுல இல்லாம இருக்காது, மாவோவுக்கு இருந்த அதே வருத்தம் இப்ப இடம் மாறி இருக்கு. வெளிய தெரியணும்னா கேஸ் பைப்லைனைப் பாரு. சைபீரியாவுல இருந்து மங்கோலியா வழியா சீனாவுக்கு ரெண்டாவது லைன் போடணும்னு ரஷ்யா வருஷக்கணக்கா கெஞ்சுது, 2025 செப்டம்பர்ல ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாச்சுன்னாங்க, ஆனா விலையை தனியா பேசிக்கலாம்னு விட்டுட்டாங்க. அந்த விலை எவ்வளவுல முடியுதுன்னு வர்ற செய்தியை மட்டும் விடாம படி.