வேலூர் 42, சென்னை 36: எந்த வெயில் கொடுமை?

பாலாற்றங்கரை:
ஒவ்வொரு கத்திரிக்கும் இதே கதைதான். நேற்று வேலூரில் 42 டிகிரி, சென்னையில் 36. ஆனால் காலையிலிருந்து கண்ணில் படுவதெல்லாம் சென்னைக்காரர்களின் புலம்பல். ஆறு டிகிரி குறைவாக இருக்கிற ஊர் எப்படி அதிகக் கொடுமை ஆகும்? தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று எங்கள் வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. அந்த மொட்டைப் பாறைகள் பகல் முழுக்கக் காய்ந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கும் அனலை ஊர்மேல் விட்டுக்கொண்டிருக்கும். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. பன்னிரண்டு மணிக்கு மேல் கம்பியில் சாக்கைச் சுற்றாமல் கை வைக்க முடியாது. முடிந்தால் மே மாதத்தில் ஒரு நாள் வந்து நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

திருவான்மியூர் அலை:
அப்பாவின் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை நண்பரே. ஆனால் வெப்பமானியை மட்டும் வைத்து ஒப்பிடுவது தப்பு. உடம்பு சூட்டை வெளியேற்றுவதற்குப் பெரிய வழி வியர்வைதான், அதுவும் வியர்த்தால் போதாது, அந்த வியர்வை காய வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் கிட்டத்தட்ட 580 கிலோகலோரி சூடு உடம்பை விட்டுப் போகும், அதே ஒரு லிட்டர் தரையில் சொட்டினால் ஒன்றுமே போகாது. இங்கே சென்னையில் சொட்டத்தான் செய்கிறது. எங்கள் தெருமுனையில் பூவரச மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனின் சட்டை காலை எட்டு மணிக்கே பிழியலாம் போலிருக்கும், சாயங்காலம் வரை அது காய்வதில்லை, முதுகெல்லாம் வேர்க்குரு. உங்கள் ஊரில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலர் வேலை செய்யும். இங்கே பானைத் தண்ணீர் பேருக்குத்தான் குளிர்கிறது, கூலரைப் போட்டால் அறையில் புழுக்கம்தான் கூடும். பானைக்கு நடப்பதுதான் உடம்புக்கும் நடக்கிறது.

பாலாற்றங்கரை:
பானை உதாரணம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வியர்வை உடனே காய்வதில் இருக்கிற ஆபத்தை நீங்கள் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வியர்ப்பதே தெரியாது, சட்டையில் உப்புப் படிந்த வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். தண்ணீர் எவ்வளவு போனது என்று தெரியாமலே ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். போன வருடம் அப்பாவோடு வேலை செய்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், கடைசி நிமிடம் வரை அவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் காற்று. தோலின் சூடு 35 டிகிரி அளவுதான், 42 டிகிரியில் அடிக்கிற காற்று உடம்பின் மேல் சூட்டை ஏற்றத்தான் செய்யும். 40-க்கு மேல் மின்விசிறியை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. உங்களுக்கு மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிடும், எங்களுக்கு எது வரும்?

திருவான்மியூர் அலை:
கடல்காற்று எல்லா நாளும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக அடிக்கிற நாளில் அது கரையேறவே மூன்று மணி நான்கு மணி ஆகிவிடும், அதற்குள் நாங்களும் உங்கள் ஊர்ச் சூட்டைப் பார்த்துவிடுவோம். 2003 மே 31-ல் சென்னையில் 45 டிகிரி பதிவானது. கடல்காற்று வந்தாலும் சூடு இரண்டு மூன்று டிகிரி குறையும், ஈரம் ஏறும். கணக்காகவே சொல்கிறேன்: 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்கிற அமெரிக்க வானிலைத் துறையின் 'உணரும் வெப்பம்' கணக்குப்படி 48 டிகிரி வருகிறது. உங்கள் 42 டிகிரிக்கு ஈரப்பதம் 22 சதவீதம் என்று வைத்தால் 43-தான். நேற்று யார் ஊரில் வெயில் அதிகம் என்று இப்போது சொல்லுங்கள்.

2024 அக்டோபர் 6-ம் தேதி மெரினாவில் நடந்த விமான சாகச நிகழ்ச்சியை மறக்க முடியுமா? ஐந்து பேர் இறந்தார்கள். அன்றைக்கு சென்னையில் 40 டிகிரி எல்லாம் இல்லை.

பாலாற்றங்கரை:
அன்று அங்கே லட்சக்கணக்கான கூட்டம், நெரிசல், குடிக்கத் தண்ணீர் கிடைக்காத தவிப்பு. அதை வெறும் ஈரப்பதத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அப்புறம் நீங்கள் சொல்லும் அந்த 48 நிழலில் இருப்பவருக்கான எண். அப்பா நிழலில் வேலை செய்யவில்லை.

துபாய் எலக்ட்ரீஷியன்:
இரண்டு பேருக்கும் நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சொந்த ஊர் தூத்துக்குடி, இங்கே வந்து பதினோரு வருடம். முதலில் ஊர்க் கதை. தூத்துக்குடி கடலோரம்தான், ஆனால் ஜூன் ஜூலையில் மலையைத் தாண்டி இறங்கி வரும் மேற்குக் காற்று அடிக்கிற நாளில் உப்பளத்தில் நிற்பவருக்கு வேலூர் போலத்தான் காயும். காற்று திரும்பினால் அதே இடத்தில் கசகசப்பு. ஆகவே கடலோரம், உள்மாவட்டம் என்று கோடு போடாதீர்கள், எந்தப் பக்கத்துக் காற்று என்று பாருங்கள்.

துபாயில் இரண்டையும் ஒரே கோடையில் பார்த்துவிடலாம். மே மாதம் பாலைவனக் காற்று, உதடு வெடிக்கும், ஆனால் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரத்தில் ஆள் தேறிவிடலாம். ஆகஸ்டில் வளைகுடாக் கடலே 35 டிகிரிக்குச் சூடாகிக் கிடக்கும். ஏசி பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியாது. நிழலில் உட்கார்ந்தாலும் தேற முடியாது, அதுதான் என் அனுபவத்தில் பெரிய வித்தியாசம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். அந்த இடைவெளி இருப்பதால்தான் நாங்கள் நிற்கிறோம். நம் ஊரில் சென்ட்ரிங் ஆளுக்கு அது எங்கே இருக்கிறது?

திருவான்மியூர் அலை:
அண்ணன் சொன்ன 'நிழலில் தேற முடியாது' என்பதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுகிற எண்ணை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள், ஈரம் காய்ந்து எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது காட்டும். அது 35-ஐத் தொட்டால் மனித உடம்பு சில மணி நேரம்தான் தாங்கும் என்று ரொம்ப நாளாகச் சொன்னார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களையே சோதித்து 2022-ல் சொன்னது, ஈரக் காற்றில் 31-க்குப் பக்கத்திலேயே உடம்பு தடுமாற ஆரம்பிக்கிறது என்று. நேற்றைய சென்னைக்கு என் கணக்கில் 29-க்கு மேல் வருகிறது, வேலூருக்கு 25 கூட இல்லை.

இன்னொன்று. இந்திய வானிலைத் துறை வெப்ப அலை என்று அறிவிக்கப் பொதுவாக சமவெளியில் குறைந்தது 40, கடலோரத்தில் 37, அதோடு வழக்கத்தை விட 4.5 டிகிரி கூடுதல் வேண்டும். இதில் ஈரப்பதம் எங்கே? ராத்திரி முழுக்கத் தூங்காமல் மறுநாள் வேலைக்குப் போகிறவர் இந்தக் கணக்கில் வருவதில்லை.

பாலாற்றங்கரை:
அந்தக் கணக்கில் நாங்களும் வருவதில்லை. எங்களுக்கு மே மாதத்தில் 39 வழக்கம், அதனால் 42 அடித்தாலும் அது வெப்ப அலை இல்லையாம். பழகிப்போன சூடு என்பதற்காக அப்பாவின் உடம்பு வேறு உடம்பா என்ன? இந்த ஒன்றில் நானும் நீங்களும் ஒரே பக்கம்தான்.

மற்றபடி எண்ணை நாமே எடுத்துப் பார்ப்போம். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நிழலில் ஒரு வெப்பமானி, பக்கத்தில் ஈரத்துணி சுற்றி விசிறிவிட்ட இன்னொன்று. ராத்திரி பதினொன்றுக்கு மறுபடி. வருகிறீர்களா?

திருவான்மியூர் அலை:
வருகிறேன்.

(சனிக்கிழமை இரவு)

பாலாற்றங்கரை:
மூன்று மணி: சும்மா வைத்தது 41, ஈரத்துணி 25. பதினொரு மணி: 32, ஈரத்துணி 25.

திருவான்மியூர் அலை:
மூன்று மணி: 35, ஈரத்துணி 29. பதினொரு மணி: 31, ஈரத்துணி 28. ராத்திரியைப் பாருங்கள், ஈரத்துணி ஒரே ஒரு டிகிரிதான் இறங்கியிருக்கிறது, அப்போதும் உங்கள் ஊரை விட மூன்று கூடுதல்.

பாலாற்றங்கரை:
ராத்திரியில் உங்கள் ஊர்தான் மோசம், விட்டுக்கொடுக்கிறேன். பகலுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன், இரண்டு பேரும் நிழலில்தான் வைத்தோம்.

துபாய் எலக்ட்ரீஷியன்:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெயிலில் வேலை செய்பவருக்கு வேறொரு கணக்கு உண்டு: வெயிலில் விசிறாமல் வைத்த ஈரத்துணி எண்ணில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கருப்பு உருண்டைக்குள் இருக்கிற சூட்டில் 20, சாதாரண வெப்பமானியில் 10, மூன்றையும் கூட்டணும். எங்கள் சைட்டில் அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. நீங்கள் ஒரு உலோக உருண்டைக்கு மங்கலான கருப்புப் பெயின்ட் அடித்து, ஓட்டை போட்டு, நடுவில் வெப்பமானியைச் செருகினால் ஓரளவு சரியாக வரும். வேலூர் உருண்டை 58-ஐத் தொட்டு, சென்னை உருண்டை 47-ல் நின்றால் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே எண் வரக்கூடும்.

பாலாற்றங்கரை:
பழைய பித்தளைச் செம்பு ஒன்று இருக்கிறது, நாளைக்கே பெயின்ட் அடிக்கிறேன். அப்பா வேலை செய்கிற மூன்றாவது மாடித் தளத்திலேயே வைக்கச் சொல்கிறேன். அலை, நீங்களும் இஸ்திரி அண்ணன் வண்டிப் பக்கத்தில் ஒன்று வையுங்கள், கரிப்பெட்டி சூடு படாமல்.