போனில் வேலை உறுதி, கையில் கடிதம் இல்லை: என்ன செய்யலாம்?

வணக்கம். சட்ட நிறுவனங்களில் சேர்ந்த அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

ஒரு நிறுவனத்தில் 3 சுற்று நேர்காணல் முடிந்தது. கடைசியாகப் பேசிய பார்ட்னர் மறுநாளே போன் செய்து, "உங்களை எடுத்துக்கொள்கிறோம், கடிதம் இந்த வாரமே வரும்" என்றார். சம்பளமும் பேசியாகிவிட்டது. அதோடு 18 நாள் ஓடிவிட்டது. நடுவில் ஒருமுறை எச்.ஆருக்கு மெயில் போட்டேன். "பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரே வரி. அப்புறம் சத்தமே இல்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நான் இதுவரை பார்த்த வழக்குகளில் அந்த நிறுவனத்தின் கட்சிக்காரர்கள் யாராவது எதிர்த்தரப்பில் இருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகப் பட்டியல் கேட்டார்கள். ரகசியம் காக்க வேண்டுமே என்று, நீதிமன்றப் பதிவில் வெளிப்படையாக உள்ள பெயர்களை மட்டும் கொடுத்தேன். தாமதம் அதனால்தானா? பொதுவாக இந்தச் சரிபார்ப்புக்கு எத்தனை நாள் பிடிக்கும்?

இனி பார்ட்னருக்கே நேராக எழுதலாமா, இல்லை எச்.ஆரைத் தாண்டிப் போனதாகத் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? இதற்கிடையில் இன்னொரு நிறுவனம் அடுத்த வாரம் இறுதிச் சுற்றுக்கு அழைத்திருக்கிறது. போவதாகத்தான் இருக்கிறேன். அதை முதல் நிறுவனத்திடம் சொன்னால் வேகம் கூடுமா, மிரட்டுவதுபோல் ஆகிவிடுமா?

இப்போதைய வேலையை விட 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். கடிதம் கைக்கு வராமல் ராஜினாமா செய்யப் போவதில்லை. அதில் தெளிவாக இருக்கிறேன். மற்றதில்தான் குழப்பம்.