ஸ்டில்ட் தூண் விரிசல்: ரெராவில் கோர் டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சென்னைப் புறநகரில் ஸ்டில்ட்+4 (கீழே தூண்கள் மட்டும் நிற்கும் தளம், மேலே 4 மாடி) குடியிருப்பு. தூண்களில் கம்பி ஓடும் வழியே நெடுக விரிசல், துருக்கறை. ஒரு தூணில் கான்கிரீட் பெயர்ந்துவிட்டது, 40 மி.மீ. இருக்க வேண்டிய கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) அங்கே 15 மி.மீ.தான். பில்டரோ "வெறும் பூச்சு விரிசல், பட்டி பாருங்க" என்கிறார். பூச்சு விரிசலில் துரு எங்கிருந்து வரும்?

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 14(3)படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் தெரிவித்த கட்டுமானக் குறையை அவர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்த 5 ஆண்டுக் கெடு நெருங்குவதால் படங்களுடன் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பியாச்சு.

கோர் டெஸ்டுக்கு (துளைத்தெடுத்த கான்கிரீட் உருளையின் வலிமைச் சோதனை) கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 குறைந்தது 3 கோர் கேட்கிறது. பழுதான தூணிலேயே துளைப்பதா, அல்லது துளைக்காமல் செய்யும் ரீபவுண்டு ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனையோடு நிறுத்துவதா? சங்கம் தனியாக எடுத்த ரிப்போர்ட்டைத் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் ஏற்றார்களா, பில்டர் தரப்பு ஆள் முன்னிலையில் எடுக்கச் சொன்னார்களா? வழக்கு நடத்தியவர்கள் சொல்லுங்கள்.