கிராஸ் ஸ்டிச் வாழ்த்து அட்டை: குடில் சன்னலுக்குள் அடங்கவில்லை

எலத்தகிரிக்காரி, நவம்பர் 24

வணக்கம். பள்ளியில் எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கு இப்போது 84 வயது. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குக் கடை அட்டை வாங்கி அனுப்புவேன். போன முறை நேரிலேயே கொண்டுபோனேன். கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "வழவழவென்று இருக்கிறது" என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டார். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதனால் இந்த ஆண்டு விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி, தைத்த அட்டை. மடத்தில் இருக்கும் மற்ற சிஸ்டர்களுக்கும் சேர்த்து 12 வேண்டும். கணக்கு நோட்டில் நானே குடில் வரைந்தேன்: அகலம் 40 கட்டம், உயரம் 56. மாதா, சூசையப்பர், பாலன், இரண்டு இடையர்கள், மேலே நட்சத்திரம், பின்னால் ஒரு மாமரம். பெத்லகேமில் மாமரம் ஏது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, வரைந்துவிட்டேன்.

அட்டையில் வெட்டிய சன்னல் 3 அங்குல அகலம், நாலேகால் அங்குல உயரம். பர்கூரில் வாங்கிய, கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் பாதி தைத்தபின் வைத்துப் பார்த்தால் ஓர் இடையர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். நோட்டில் சரியாக இருந்தது துணியில் எப்படிப் பெருத்தது? இன்னொன்று, சோதனைக்கு வெள்ளைப் பசை தடவி ஒட்டிய துண்டு அப்பளம் போல அலையலையாக எழும்பிவிட்டது. டிசம்பர் 15க்குள் முடிக்க வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

தையல் டீச்சர், தருமபுரி

துணிமேல் ஸ்கேலை வைத்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கட்டம் என்று எண்ணிச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

எலத்தகிரிக்காரி

மூன்று முறை எண்ணினேன் டீச்சர். 11.

தையல் டீச்சர், தருமபுரி

அதுதான். 40 கட்டத்தை 11ஆல் வகுத்தால் மூன்றரை அங்குலத்துக்கு மேலே போகிறது. 56 கட்டம் ஐந்து அங்குலத்தைத் தாண்டுகிறது. இதே படம் 14 கட்டத் துணியில் 3 அங்குலத்துக்குள் அடங்கி, உயரம் சரியாக 4 அங்குலம் வந்திருக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் அம்மா" என்றுதான் சொல்வார். கைப்பையில் ஓர் அங்குல டேப் வைத்திருங்கள்.

ஆனால் துணியை மாற்றச் சொல்ல மாட்டேன். விரலால் தடவிப் பார்க்கிறவருக்கு 11தான் நல்லது, தையல் பருத்து நிற்கும். படத்தை 28க்கு 40 என்று குறைத்துக்கொள்ளுங்கள், சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை கிடைக்கும். இடையர்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மரத்தையும் வெட்டுங்கள்.

அடுத்தது நேரம். எனக்கு மணிக்கு 120 தையல் ஓடும், உங்களுக்கும் அவ்வளவு என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் பழைய குடில் குறைந்தது 900 தையல். 12 குடில் என்றால் 90 மணி நேரம், தினம் மாலையில் 2 மணி நேரம் உட்கார்ந்தாலும் 45 நாள். பொங்கல் வந்துவிடும். சிஸ்டருக்கு மட்டும் குடில், சிறியது, 500 தையலுக்குள். மற்ற பதினொன்றுக்கும் மெழுகுவத்தி, ஒன்றுக்கு 250. மொத்தம் 27 மணி நேரம், 14 மாலையில் முடியும்.

லச்சியாகக் கட்டி விற்கும் பூத்தையல் நூலில் ஆறு இழை முறுக்கி இருக்கும். 11 கட்டத் துணிக்கு மூன்று இழை பிரித்துக் கோத்துக்கொள்ளுங்கள், 14 என்றால் இரண்டு போதும். முனை மழுங்கிய ஊசிதான் வேண்டும், கூர் ஊசி துணியின் இழையையே குத்திப் பிளந்துவிடும். முடிச்சுப் போடாதீர்கள். அட்டைக்குள் போனால் முடிச்சு பரு மாதிரி முன்பக்கம் துருத்தும். நுனியைப் பின்னால் விட்டு, அடுத்த நாலைந்து தையலுக்கு அடியில் சிக்கவையுங்கள். ஒவ்வொரு தையலும் ஒரு பெருக்கல் குறி, அதன் மேல் கோடு கடைசி வரை ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று மாறினாலும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். சிவப்பு நூலை மட்டும் முதலில் ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள், சாயம் விட்டால் துவைக்காமலே ஒட்டுங்கள்.

பசையைத் தொடாதீர்கள். அதன் ஈரம்தான் அப்பளம் போடுகிறது. சட்டைக் காலருக்குள் வைத்து இஸ்திரியால் ஒட்டுவார்களே, அந்தத் துணியைத் தெரிந்த தையற்காரரிடம் கேட்டு வாங்கி, தைத்த துண்டின் பின்னால் ஒட்டுங்கள். கீழே டவல் விரித்து, முன்பக்கம் குப்புற இருக்கும்படி வைத்து இஸ்திரி போட வேண்டும். நேராகப் போட்டால் தையல் நசுங்கிச் சப்பையாகும். பிறகு சன்னலைச் சுற்றி இருபக்க டேப்.

அச்சகத்துக்காரன், கிருஷ்ணகிரி

அட்டைக்கு என் பங்கு. மூன்று மடிப்பாக வெட்டுங்கள், சன்னல் நடு மடிப்பில் வரட்டும். இடது மடிப்பு உள்ளே திரும்பித் துணியின் பின்பக்கத்தை மூடிவிடும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் போதும், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் எந்த அச்சகத்திலும் வெட்டி மடிப்புக் கோடு போட்டுத் தருவார்கள். தாளின் நார் ஓடும் திசையிலேயே மடிப்பு வர வேண்டும். குறுக்கே மடித்தால் கோடு வெடித்து நார் தெரியும்.

ஒரு வேடிக்கை. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல்தான் ஓவியர் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி அச்சடித்தார். முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான். நேரத்தை மிச்சம் பிடிக்க வந்த பொருளுக்கு நீங்கள் 27 மணி நேரம் செலவழிக்கப் போகிறீர்கள், அம்மா!

அரூர் மருமகள்

அக்கா, கிறிஸ்துமஸ் என்றால் சிவப்பும் பச்சையும் மட்டும்தானா? எங்கள் பக்கம் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் 'போர்கை' என்ற பெயரில் சேர்ந்து பூத்தையல் போடுகிறார்கள். அவர்கள் துணியைப் பார்த்த பிறகு எனக்கு வெளிர் நிறமே பிடிப்பதில்லை. மெழுகுவத்திச் சுடருக்கு அடர்மஞ்சளும் அதைச் சுற்றிக் கருநீலமும் வைத்துப் பாருங்கள்.

எலத்தகிரிக்காரி, டிசம்பர் 27

அனைவருக்கும் நன்றி. இடையர்களை அனுப்பிவிட்டேன். மாமரத்தை முழுதாக வெட்ட மனம் வரவில்லை, ஒரு கிளையைக் கூரைமேல் சாய்த்தேன். நட்சத்திரத்துக்கு ஜரிகை நூல். ஒரு முழத்துக்கு மேல் கோத்தால் பிரிந்து பிரிந்து உயிரை எடுத்துவிட்டது, சாண் நீளமாக வெட்டித்தான் முடித்தேன். மெழுகுவத்தி ஒன்பதுதான் ஆனது. மிச்சம் இரண்டு சிஸ்டர்களுக்கு வழவழ அட்டைதான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கருநீலம் நன்றாக எடுபட்டது, அரூர்த் தங்கைக்கு நன்றி.

23ஆம் தேதி மடத்துக்குப் போய்க் கொடுத்தேன். சிஸ்டர் மடியில் வைத்து, கூரையிலிருந்து தடவிக்கொண்டே மேலே போனார். ஜரிகை சொரசொரத்ததும் "நட்சத்திரமா?" என்றார். ஆமாம் என்றேன். கிளையைத் தொட்டு வெகுநேரம் யோசித்தார். மாவிலை என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

பிறகு அட்டையைத் திருப்பினார். வகுப்பிலும் அப்படித்தான். எங்கள் துணியைக் கையில் வாங்கினால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார், முதலில் பின்பக்கம். விரலுக்கு வெறும் தாள்தான் கிடைத்தது. "பின்பக்கத்தை ஏன் மூடிவிட்டாய்?" என்று கேட்டுவிட்டு, மூலையில் நகத்தை விட்டு டேப்பைக் கிளப்ப ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இருந்த சிஸ்டர் ஓடிவந்து அட்டையைக் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தார்.