சிலிண்டர் மேல பனி: அன்னதானக் குழு

சுமதி (செயலாளர்): சமையல்காரர் அனுப்பின போட்டோ பாருங்க. 19 கிலோ சிலிண்டரோட கீழ்ப்பாதி வெள்ளையா உறைஞ்சிருக்கு. பெரிய பர்னர்ல தீ பாதியாயிடுச்சு. கேஸ் தீர்ந்துடுச்சா?

முருகேசன் சார்: தீரலைம்மா. பனி எதுவரைக்கும் ஏறியிருக்கோ அதுதான் திரவ மட்டம். போட்டோவைப் பார்த்தா பாதி மிச்சம் இருக்கு.

சேகர்: கொதிக்கிற தண்ணி ஊத்தட்டுமான்னு கேக்கறார். இல்லன்னா சிலிண்டரைப் படுக்க வைக்கலாமாம்.

முருகேசன் சார்: ரெண்டுமே கூடாது!! முதல்ல பர்னரைச் சின்னதாக்கச் சொல்லுங்க. படுக்க வச்சா வால்வு வழியா திரவமே வரும். ஒரு லிட்டர் திரவம் வெளிய சுமார் 250 லிட்டர் வாயுவாகும். ரெகுலேட்டர் தாங்காது, பர்னர்ல தீ ஆள் உயரத்துக்கு எகிறும். வெந்நீர் ஊத்தினா அழுத்தம் எங்க போய் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

கீதா டீச்சர்: ஏன் உறையுதுன்னு சொல்றேன், புரிஞ்சா வழி தானா தெரியும். அடுப்புக்குப் போறது ஆவி. ஒரு கிலோ திரவம் ஆவியாக ஏறக்குறைய 370 கிலோஜூல் வெப்பம் வேணும். அதை மிச்ச திரவத்துலேருந்தும் இரும்புலேருந்தும்தான் எடுக்கும். மணிக்கு 2 கிலோ எரிச்சு, வெளியிலேருந்து வெப்பமே வராட்டி, 10 கிலோ திரவம் ஒரு மணி நேரத்துல 20 டிகிரிக்கு மேல குளிரும். குளிர்ந்தா ஆவியழுத்தம் இறங்கும், தீ சுருங்கும். சிலிண்டர் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. திரவம் ஒரு சொட்டு இருக்கிற வரைக்கும் அளவைப் பொறுத்தது இல்லை.

கீதா டீச்சர்: இன்னொண்ணு, உள்ள இருக்கிறது கலவை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரிலயே கொதிக்கும், நார்மல் பியூட்டேன் மைனஸ் 0.5ல. புரொப்பேன் முந்திக்கிட்டுப் போயிடும், பியூட்டேன் தங்கும். அதனாலதான் சிலிண்டர் பாதிக்குக் கீழ போனப்புறம் இந்தத் தொல்லை அதிகம்.

சேகர்: அப்ப என்னதான் பண்றது? 11 மணிக்குச் சாம்பார் இறக்கணும்.

முருகேசன் சார்: இன்னொரு சிலிண்டர் கொண்டுவந்து ரெண்டையும் மேனிஃபோல்டுல, அதாவது ஒரே பொதுக்குழாய்ல, சேருங்க. ஆளுக்குப் பாதி ஆவி கொடுத்தா ரெண்டுமே அவ்வளவா குளிராது. ஒவ்வொரு பிக்டெயில்லயும் (சிலிண்டரை அந்தக் குழாயோட இணைக்கிற ஹோஸ்) நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது வாயுவைத் திரும்பிப் போகவிடாத வால்வு, கட்டாயம். இல்லாட்டி சூடான சிலிண்டர்லேருந்து ஆவி குளிர்ந்ததுக்குள்ள போய் அங்க திரவமாகும், அது அளவுக்கு மேல நிரம்பிடும். மேல எப்பவும் காலி இடம் இருக்கணும், திரவம் சூடானா விரிய.

முருகேசன் சார்: சிலிண்டர் வாங்கும்போது எல்.ஓ.டி. வேண்டாம்னு சொல்லுங்க. அதுல திரவம்தான் வரும், திரவத்தை ஆவியாக்குற வேப்பரைசர் இல்லாம மாட்டக்கூடாது.

சுமதி: வெயில் படாம பேஸ்மென்ட் பார்க்கிங்ல வைக்கட்டுமா?

கீதா டீச்சர்: வேண்டவே வேண்டாம் சுமதி. இந்த வாயு காத்தைவிட ஒன்றரை முதல் ரெண்டு மடங்கு கனம். கசிஞ்சா தரையோட படர்ந்து பள்ளத்துல தேங்கும். காத்துல 2 சதவீதம் இருந்தாலே பத்திக்கும். மேல, திறந்தவெளிப் பந்தல்ல, நிமிர்த்தி, நிழல்ல வைங்க.

முருகேசன் சார்: மாட்டினதும் ஒவ்வொரு இணைப்புலயும் சோப்புத் தண்ணி தடவுங்க. குமிழ் வந்தா வால்வை மூடி வாஷரை மாத்துங்க. வாசனை வந்தா ஸ்விட்ச் எதையும் தொடாதீங்க, 1906க்குக் கூப்பிடுங்க.

சேகர்: ரெண்டாவது சிலிண்டர் வருது சார். பிக்டெயில்ல அந்த வால்வு இருக்கான்னு கேட்டுச் சொல்றேன்.

முருகேசன் சார்: இல்லாட்டி சேர்க்காதீங்க. தனித்தனி ரெகுலேட்டர் போட்டு ரெண்டு அடுப்பாப் பிரிச்சிடுங்க. பனி உருகட்டும், சுத்தியால தட்டி எடுக்க வேண்டாம்.