வீட்டு வாசல், ரோட்டு ஓரம்: பார்க்கிங் தகராறுகளில் பார்த்தது

கேட்_காவலன்:
சென்னைத் தெருக்களில் வர்ற சண்டையில பாதி, "என் வீட்டு முன்னாடி நிறுத்தாதே"ங்கிறதுதான். காம்பவுண்டுக்கு வெளியே ரோடு மாநகராட்சியோடது. பூந்தொட்டி, மணல் மூட்டை, சங்கிலி, "டயர் காற்று பிடுங்கப்படும்" போர்டு, எதுக்கும் சட்டபலம் கிடையாது. இஷ்டத்துக்கு நோ பார்க்கிங் போர்டு வைக்கிறவங்களைப் போக்குவரத்துக் காவல்துறை 2024-லயே எச்சரிச்சிருக்கு. காத்தைப் பிடுங்கினா புகார் உங்க மேலதான் திரும்பும்.

ஐந்தாம்_குறுக்குத்தெரு:
ரோடு பொது, ஆனா கேட்டை மறிக்கக் கூடாது. மத்திய அரசோட 2017 மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் அதைத் தெளிவாவே சொல்லுது. நடைபாதை மேலயும், சந்திப்பிலிருந்து 50 மீட்டருக்குள்ளயும் நிறுத்தக் கூடாது. (அந்த 50 மீட்டரை அப்படியே அமல்படுத்தினா பல காலனிகள்ல ஒரு வண்டி நிக்க முடியாது!) அபராதம் முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும்னா 1500. புகாருக்கு நம்பர் பிளேட்டும் கேட்டும் ஒரே படத்துல தெரியணும், தேதி, நேரம் பதிஞ்சிருக்கணும். பிளேட்டை மட்டும் கிட்டப்போய் எடுத்து அனுப்புறாங்க. வண்டி எங்க நின்னுச்சுன்னே அதுல தெரியாது.

டேப்_பிடி:
ரெண்டு பக்கமும் நிறுத்தலாமா, ஒரு பக்கம் மட்டுமான்னு தெருவுல பேசுறதுக்கு முன்னாடி ரோட்டை அளந்துடுங்க. 20 அடி ரோடுன்னா 6.1 மீட்டர். கண்ணாடியோட கார் சுமார் 2 மீட்டர், சுவர்ப் பக்கம் கால் மீட்டர் இடைவெளி. ரெண்டு பக்கமும் கார் நின்னா நடுவுல மிஞ்சுறது 1.6 மீட்டர், ஆம்புலன்ஸ் நுழையாது. ஒரு பக்கம் மட்டும்னா 3.85 மீட்டர், குப்பை லாரியும் தாராளமாப் போகும். சுவருக்குச் சுவர் அளக்காதீங்க. ரோட்டுக்கு இறங்கி நிக்கிற சாய்தளம், மின்பெட்டி எல்லாம் கழிச்சு, இருக்கிறதுலயே குறுகலான இடத்துல அளக்கணும். பாதாளச் சாக்கடை மூடி இருக்கிற இடத்துலயும் பெயின்ட்ல அடையாளம் போட்டு, வண்டி நிறுத்தாம காலியா விட்டுடுங்க. அடைப்பெடுக்க லாரி வர்ற அன்னிக்குத்தான் அந்தக் கார்க்காரர் ஊர்ல இருக்க மாட்டார்.

கேட்_காவலன்:
ஒரு பக்கம்னு முடிவானதும் "எந்தப் பக்கம்"னு அடுத்த சண்டை ஆரம்பிக்கும். ஒற்றைப்படைத் தேதிக்கு இந்தப் பக்கம், இரட்டைப்படைக்கு அந்தப் பக்கம்னு வைக்கிறாங்க. 31-ம் ஒற்றை, மறுநாள் 1-ம் ஒற்றை, அங்கேயே குழப்பம். தினமும் மாத்த யாரும் ராத்திரி இறங்கி வர மாட்டாங்க. மாசத்துல முதல் 15 நாள் ஒரு பக்கம், மீதி மறுபக்கம்னு வெச்சா நிலைக்குது. மாத்துற நேரம் காலை 10 மணின்னு இருக்கட்டும், நள்ளிரவு வேண்டாம்.

தூண்_நடுவே:
தெருவுல நிக்கிற கார் பலதுக்கு அடுக்குமாடியில இடம் இருக்கு. விதிப்படி ஒரு காருக்கு 2.5 × 5 மீட்டர். மூணு காருக்கு 7.5 மீட்டர் வேணும், ஆனா பில்டர் தூணோட அகலத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டிடுவார். நடுவுல நிக்கிற காரோட கதவு திறக்காது, வண்டி தெருவுக்கு வந்துடும். பிளான்ல இருக்கிறதை நம்பாம தூணுக்குத் தூண் உள்ளளவு எடுங்க. ஸ்டில்ட் இடத்தை, அதாவது கட்டடத்துக்கு அடியில தூண்களுக்கு நடுவுல இருக்கிற பார்க்கிங்கை, தனியா விலை போட்டு விற்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2010-லயே நஹல்சந்த் வழக்குல சொல்லிடுச்சு. அப்படிக் காசு கொடுத்து வாங்கின ரசீதைக் காட்டி அடம்பிடிக்கிறவர்கிட்ட இதைச் சொல்லலாம்.

ஐந்தாம்_குறுக்குத்தெரு:
ஜப்பான்ல வீட்டுலேருந்து 2 கிலோமீட்டருக்குள்ள நிறுத்த இடம் இருக்குன்னு சான்று காட்டினாதான் கார் பதிவாகும். அந்தச் சட்டம் 1962-லயே வந்தது. இங்க கொண்டுவந்தா பழைய வண்டிகளை என்ன பண்றதுன்னுதான் முதல்ல கேட்பாங்க.