ராணி இல்லாத பெட்டி: நம்ம மாவட்டத்தில் கண்டவை

குலசேகரத்திலிருந்து:

ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்த்ததும் எங்கள் பக்கம் தேன் காலம். ரப்பர் தேன் பூவில் ஊறுவதில்லை. தளிரில் மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் சுரக்கிறது. தேனீப் பெட்டிகளைத் தோட்டத்துக்குள் வைத்துவிடுவோம். போன பருவத்தில் ஒரு பெட்டியில் மட்டும் இரைச்சல் சரியில்லை.

அடையைத் தூக்கி வெயிலுக்குக் காட்டினேன். ராணி இருந்தால் அறைக்கு ஒரு முட்டை, அடியில் நடுவாக நிற்கும். இங்கே ஓர் அறையிலேயே மூன்று நான்கு, சில பக்கச் சுவரில் ஒட்டியிருந்தன. ராணி இல்லாமல் போனதால் வேலைக்காரத் தேனீக்களே இட்டவை. வேலைக்காரத் தேனீயின் வயிறு குட்டை, அடி வரை எட்டாது. மூடிய அறைகள் புடைத்து, உச்சியில் ஊசிமுனைத் துளையோடு இருந்தன. நம் நாட்டுத் தேனீயில் அந்தத் துளை இருந்தால் உள்ளே ஆண்தான். இணை சேராத வேலைக்காரி இட்ட முட்டையில் ஆண் மட்டுமே வரும். ஆண் தேன் சேர்க்காது, அடை கட்டாது. அப்படியே விட்டால் பெட்டி காலி.

ராணி இருக்கும்போது ஏன் இது நடப்பதில்லை? ராணியின் வாசனை ஒரு பூட்டு. அதையும் மீறி ஒருத்தி முட்டையிட்டால், கூடப்பிறந்தவர்களே தேடித் தின்றுவிடுவார்கள். 1964இல் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய உயிரியல் ஆய்வாளர் சொந்தத்தை வைத்துப் போட்ட கணக்கில் இதற்கு விடை இருக்கிறது. ராணி பல ஆண்களோடு சேர்ந்தவள். ஆகவே பெட்டிக்குள் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு தாய், வேறு வேறு தகப்பன். வேலைக்காரிக்குத் தன் மகனிடம் அரைப் பங்கு சொந்தம், ராணியின் மகனிடம் கால், அப்படிப்பட்ட அக்காளின் மகனிடம் அரைக்கால்தான். அக்காள் மகனை வளர்ப்பதைவிட ராணி மகனை வளர்ப்பது லாபம். யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. அப்படி நடந்துகொண்ட கூடுகள் தழைத்தன, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் தேனீயை ஒற்றுமைக்கு உதாரணம் சொல்வார்கள். காவல் போட்ட ஒற்றுமை அது என்று யாரும் சொன்னதில்லை!

ராஜாக்கமங்கலத்திலிருந்து:

அண்ணாச்சி, உங்கள் கணக்கு எங்கள் தோப்பில் உதைக்கிறது. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று உண்டு. ஒரு ஜோடி முட்டையிடும், மற்றவை சேர்ந்து இரை கொண்டுவரும். பெரும்பாலும் முன்பு பொரித்த பிள்ளைகள்தான், சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் அந்தக் கூட்டிலிருந்து இறங்கிய குஞ்சு ஒன்று, கறுப்பு முதுகும் கொண்டையுமாக இருந்தது. அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டுப் போகும் சுடலைக்குயில்! மொத்தக் கூட்டமும் மாறி மாறி அதற்கு வெட்டுக்கிளி ஊட்டியது. ஒரு தவிட்டுக்குருவி தன் அலகில் இருந்த புழுவை நசுக்கி நசுக்கிப் பதமாக்கிக் கொடுத்தது. இதில் யாருக்கு என்ன பங்கு?

குலசேகரத்திலிருந்து:

உதைக்கவில்லை தம்பி. அவற்றுக்குச் சொந்தம் பார்க்கத் தனிக் கண் கிடையாது. "நம் கூட்டில் வாய் திறப்பது நம் பிள்ளை" என்பதுதான் விதி. பெரும்பாலும் அது பலிக்கும். குயில் அந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது. அதனால்தான் தவிட்டுக்குருவிகள் குயிலைக் கண்டாலே கூட்டமாக விரட்டும், கவனித்திருப்பீர்களே. அப்புறம், அந்தக் குஞ்சு பறந்த பிறகும் ஊட்டினவா, அதைச் சொல்லுங்கள்.